ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு

அடையாற்றில் இருந்த அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் நூலகம் ஒரு காலத்தில் மூன்று அறைகளைக் கொண்டதாக விளங்கியது. அவற்றுள் ஒன்று காப்பீட்டுப் பிரிவாகவும் மற்றொன்று காத்திருப்போர் கூடமாகவும் மாறிய பின்னர், எஞ்சிய ஒரே அறையில் மதுமதி நூலகராகப் பணியாற்றி வந்தாள். மருத்துவர்கள் கேட்கும் கட்டுரை எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்து, படிக்கத் தக்க வடிவில் அவர்கள் கையில் சேர்ப்பது அவளுடைய தொழில்.

படிக்கத் தக்க வடிவில் என்பதில்தான் அவளுக்குத் தனிப் பெருமை. பிற நூலகங்களிலிருந்து வரும் ஸ்கேன்கள் கோணலாகவும் கறையுடனும் இருக்கும். மதுமதி அவற்றைக் கணினியில் நேராக நிமிர்த்துவாள். நான்கு பக்கமும் ஓரத்தை வெட்டுவாள். கறுப்பு விளிம்புகளையும் கறையான் அரித்த அடையாளங்களையும் நீக்கி, புதிதாக அச்சிட்டது போல ஆக்கித் தருவாள். “மதுமதி குடுத்தா கண்ணுல ஒத்திக்கலாம்” என்று குழந்தை மருத்துவர் ஜெயராம் ஒருமுறை சொன்னதை அவள் வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் மதிய உணவைத் திறந்தபோது கைபேசி ஒலித்தது. அழைத்தவர் அப்துல் கய்யூம். மயிலாப்பூரில் ஒரு பழைய மருத்துவமனையின் நூலகர். நகரத்து மருத்துவ நூலகர்கள் இருபத்தாறு பேர் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்கு அவரே மூத்தவர். ஒருவரிடம் இல்லாத இதழை மற்றொருவர் தேடித் தருவது அக்குழுவின் வழக்கம்.

“இன்னா மதும்மா, சாப்ட்டாச்சா?”

“இப்பதான் டப்பாவைத் தொறக்கறேன் பாய். சொல்லுங்க.”

“நேத்து ஒரு கட்டுரை அனுப்பினேன்ல, சின்னப் புள்ளைங்களுக்கு மருந்து அளவு போட்டது? அதுக்கு அப்பால நீ ஒண்ணுமே கேக்கலியே. கேப்பேன்னு காத்துக்கினு கீறேன்.”

“கேக்கறதுக்கு என்ன பாய் இருக்கு? நேத்து சாயங்காலமே டாக்டர் கையில குடுத்துட்டேன்.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஒலி கேட்டது.

“முதல் பக்கத்து ஓரத்துல மஞ்ச சீட்டு ஒட்டியிருந்திச்சே. பாக்கலியா நீ?”

அந்தச் சீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கட்டுரையில் பிழை இருந்து, அதற்கான திருத்தம் அதே பத்திரிகையின் பிந்தைய இதழில் வெளியானால், அச்செய்தி குழுவில் பகிரப்படும். உடனே ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பழைய தொகுதியை எடுத்து, அக்கட்டுரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, திருத்தம் எந்த இதழில் உள்ளது என்று குறித்து வைப்பார்கள். ஸ்கேனில் சீட்டைக் காண்பவர் திருத்தத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு பேசினால் போதும், ஆள் பேசத் தேவையில்லை என்பது அவர்களுடைய ஏற்பாடு.

மதுமதி கய்யூமை அழைப்பிலேயே விட்டுவிட்டு, அவர் அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்தாள். கறுப்பு வெள்ளையில் எடுத்த ஸ்கேன் அது. முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரத் திட்டு. நேற்று அதை ஈரக் கறை என்றுதான் அவள் எண்ணினாள். பெரிதாக்கிப் பார்த்தபோது கறைக்குள் எழுத்துகள் தோன்றின: ‘திருத்தம் உண்டு. தொகுதி 31, இதழ் 4 காண்க.’

அவள் அச்சிட்டுக் கொடுத்த பிரதியில் அந்த ஓரமே இல்லை. அவள்தான் வெட்டியிருந்தாள்.

புளிசாத டப்பாவை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

“பாய், அந்த இதழ் உங்ககிட்ட இருக்கா?”

“நாங்க முப்பதாவது தொகுதியோட வாங்கறதை நிறுத்திட்டோம்மா. தி.நகர்ல குல்சும்கிட்டதான் கீது. ஏன், இன்னா ஆச்சு?”

மூன்றாம் மாடியில், ஒன்பதாம் எண் படுக்கையில், மாளவிகா என்னும் நான்கு வயதுச் சிறுமி கிடந்தாள். தந்தை பாலகணேஷ் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். உடலில் உலோகம் படியும் அரிய நோய் அவளுக்கு. அதற்கான பழைய மருந்து அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை அவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு எந்த அளவில் தரலாம் என்பதைச் சொல்லும் கட்டுரை அது ஒன்றுதான். அதை வெளியிட்ட இதழ் நின்றுபோய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்டதால் இணையத்திலும் கிடைக்காது. அதிலுள்ள அட்டவணையை நம்பி ஜெயராம் எழுதிக் கொடுத்தபடி இன்று காலை ஆறு மணிக்கு முதல் வேளை மருந்து தரப்பட்டிருந்தது. அடுத்த வேளை இரண்டு மணிக்கு.

“பாய், புள்ளைக்கு ஒரு வேளை மருந்து குடுத்தாச்சு” என்றாள்.

“யா அல்லா. நீ வை. நான் குல்சுமைப் புடிக்கிறேன்.”

கய்யூம் செய்தி சொன்னதும், சில நிமிடங்களில் குல்சுமே மதுமதியை அழைத்தாள். தி.நகரில் மருத்துவர் சங்க நூலகம் ஒன்றை ஒற்றை ஆளாகக் கவனித்து வருபவள் அவள்.

“மது, போன மழையில தண்ணி பூந்துச்சில்ல, பழசெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டேன். கட்டு மேல எதுவும் எழுதல. எல்லாத்தையும் பிரிக்கணும்.”

“எவ்ளோ நேரம் ஆகும்க்கா?”

“என் முட்டியைக் கேட்டா நாளைக்குன்னு சொல்லும். நான் ஏறிட்டேன். போனை வை, ரெண்டு கையும் வேணும்.”

காத்திருப்பதே சரி என்று அறிவு சொன்னது. அரை மணி நேரம் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். திருத்தங்களில் பெரும்பாலானவை ஆசிரியர் பெயரிலோ பக்க எண்ணிலோ நேர்ந்த சிறு பிழைகளைப் பற்றியவை. அப்படி ஒன்றுக்காக மருந்தை நிறுத்தச் சொன்னால் ஜெயராம் சும்மா விடமாட்டார். மீதமுள்ள ஓர் அறையையும் எடுத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகம் ஏற்கெனவே இருமுறை அளந்து பார்த்திருந்தது.

அத்துடன் வேறொரு நினைவும் வந்தது. மூலக் கோப்பை அழித்துவிட்டால், வந்த ஸ்கேனிலேயே சீட்டு இல்லை என்று சொல்லிவிடலாம். பழி கய்யூம் மேல் போகும். இப்படி ஒரு நினைவு தனக்குள் இருந்தது கண்டு அவள் அஞ்சினாள். சீட்டைத் தவறவிட்டதைக் காட்டிலும் இது அவளை நடுக்கியது. நாற்காலியை விட்டு எழுந்தாள். ஒன்று இருபத்தைந்து.

மின்தூக்கிக்கு நிற்காமல் படியேறினாள். மூன்றாம் மாடியில் செவிலியர் புஷ்பம் மருந்துத் தட்டை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“புஷ்பம்மா, ஒன்பதாம் பெட்டுக்கு ரெண்டு மணி மருந்து குடுக்காதீங்க.”

“இது இன்னா புதுசா கீது? லைப்ரரியில இருந்து ஆர்டர் வருது?” புஷ்பம் சிரித்தாள். மதுமதியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “டாக்டர் சொல்லாம நான் நிறுத்த முடியாதும்மா. அவரு ஆபரேஷன் தியேட்டர்ல கீறாரு. போன் உள்ள போவாது.”

“ஆள அனுப்புங்க. நான் குடுத்த பேப்பர்ல தப்பு இருக்கலாம்னு சொல்லுங்க.”

“இருக்கலாமா, இருக்குதா?”

“தெரியல.”

புஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உதவியாளரை அழைத்து அறுவை அரங்குக்கு அனுப்பினாள்.

கண்ணாடிக்கு அப்பால் மாளவிகா விழித்திருந்தாள். அவள் கையில் பிடித்திருந்த பொம்மைக்குத் தாய் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். சிறுமி சோர்வாக இருக்கிறாளா, தூக்கக் கலக்கமா? உதடு வெளுத்திருக்கிறதா, எப்போதும் அந்த நிறம்தானா? மதுமதி படித்துச் சலித்த எத்தனையோ கட்டுரைகளில் சிறுநீரகம் செயலிழத்தல் என்பது அட்டவணையின் கடைசி வரிசையில் வரும் ஒரு சொற்றொடர். இப்போது அதற்குப் பொம்மையைப் பிடித்த ஒரு கை இருந்தது.

ஒன்று நாற்பத்தெட்டு. கய்யூம் குழுவிலும் செய்தி போட்டிருந்தார், கேள்விகள் குவிந்தன. பெசன்ட் நகரில் ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். தரமணியில் இருந்த ஜவஹர் தம்மிடம் இல்லை என்று எழுதிவிட்டு, கோயம்புத்தூரில் தமக்குத் தெரிந்த நூலகரை அழைத்திருப்பதாகச் சேர்த்திருந்தார். குல்சுமிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை.

ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு ஒரு படம் வந்தது. கலங்கலாக இருந்தது. அடுத்த படம் தெளிவு. பக்கத்தின் மேல் குல்சுமின் தூசி படிந்த கட்டைவிரல். இரண்டே வரிகள்: ‘இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொரு வேளைக்கும் எனக் குறிக்கப்பட்ட அளவை, ஒரு நாளைக்கு, மூன்று வேளையாகப் பிரித்து எனத் திருத்திப் படிக்கவும்.’

மதுமதி கைபேசியைப் புஷ்பத்திடம் நீட்டினாள். புஷ்பம் இருமுறை படித்தாள். தட்டிலிருந்த சிறிய கோப்பையை எடுத்து, மருந்தோடு தனியே வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். “காலையில ஒரே வேளையில ஒரு நாளுக்குள்ளதைக் குடுத்துட்டோமா?” என்றாள் தணிந்த குரலில்.

ஜெயராம் அரங்கத்து உடையிலேயே ஓடி வந்தார். அச்சிட்ட பிரதி, மூலக் கோப்பு, குல்சுமின் படம் ஆகிய மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல சீட்டு இருக்கு. இதுல இல்ல. நடுவுல யாரு?”

“நான்தான் சார். கறைன்னு நெனச்சு வெட்டிட்டேன். அனுப்பினவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். இரத்தம் எடுக்கச் சொன்னார். சிறுநீரை மணிக்கு மணி அளக்கச் சொன்னார். தாயிடம் சென்று தாழ்ந்த குரலில் பேசினார். திரும்பி வந்து, “ரிசல்ட் சாயங்காலம்தான். அதுவரைக்கும் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கீழ போங்க” என்றார்.

அந்த மாலைப் பொழுது எவ்வாறு கழிந்தது என்பது அவளுக்கு நினைவில்லை. ஐந்தரைக்குப் புஷ்பம் அழைத்தாள். “கிட்னி இப்பத்திக்கு நல்லாத்தான் கீது. காலையில மறுபடி பாக்கணுமாம். ரெண்டாவது வேளை போயிருந்தா கதையே வேறன்னாரு. பாப்பா இட்லி கேக்குது. நீ மொதல்ல தண்ணி குடி.”

மதுமதி தண்ணீர் குடித்தாள். பிறகு குழுவில் எழுதினாள்: ஸ்கேனின் ஓரத்தை வெட்டியது நானே. சீட்டு இருந்தது. இனி எவர் அனுப்பும் பக்கத்தின் ஓரத்தையும் தொடமாட்டேன்.

அனுப்பிய பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. இனி என்று எழுதிவிட்டாள், இதுவரை?

தான் சுத்தம் செய்த கட்டுரைகளின் கோப்புறையைத் திறந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் பளிச்சென்று, ஓரமில்லாமல். கோப்புறை நிறைந்துவிட்டது என்று மூலங்களில் பெரும்பாலானவற்றை அவளே அழித்திருந்தாள். அக்கட்டுரைகள் எந்தெந்த மருத்துவர் கையில், எந்தெந்தப் படுக்கையருகே இருக்கின்றன?

பட்டியலைக் குழுவில் போட்டு, உங்கள் தொகுதிகளில் சீட்டு உண்டா என்று பாருங்கள் என்று கேட்டாள். ஒருவரும் ஏளனம் செய்யவில்லை. முதல் நூறு தனக்கு என்றார் ஜவஹர். தொண்ணூறு தனக்கு என்று பெசன்ட் நகரிலிருந்து பதில் வந்தது. பரணில் இருந்து இன்னும் இறங்கவில்லை, அதனால் மீதியைத் தானே பார்ப்பதாகக் குல்சும் எழுதினாள்.

கய்யூம் மட்டும் எதுவும் எழுதவில்லை. அவர் ஏற்கெனவே அலமாரியின் முன் நின்றிருக்க வேண்டும். ஆறு பத்துக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது, இம்முறை வண்ணத்தில். பழுப்பேறிய பக்கம், அதன் இடது ஓரத்தில், நன்றாகத் தெரியும்படி, ஒரு மஞ்சள் சீட்டு. பட்டியலில் பதினேழாவது கட்டுரை.

மதுமதி பேரேட்டைத் திறந்து, பதினேழாவதைக் கேட்டு வாங்கிய மருத்துவர் யார் என்று தேடத் தொடங்கினாள்.