கொசுவின் சிபாரிசு

மாமனார் வீட்டில் அவனுக்குப் பெயர் கொசு. வைத்தவர் மூத்த சகலை. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையான அவன் ஆசையாகக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஜவுளி மொத்த வியாபாரியான அந்த மனிதர் மேடையேறி ஒயரைப் பிடுங்கிவிட்டு, “யாராச்சும் கொசுவத்தி கொளுத்துங்கப்பா” என்றார். கூடமே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணும் சிரித்துவிட்டாள். அதுதான் பல்லிடுக்கில் சிக்கிய நாராக அவனை இன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டு வாசலை மிதித்தால் இப்போதும் வாண்டுகள் கைதட்டிக் கொசு அடிக்கும்.

அவன் இசைக்கருவிக் கடையில் விற்பனையாளன். ஒரு நாள் காலை, கடை திறந்த சூட்டோடு சகலையே உள்ளே வந்து நின்றார்.

“என்ன கொசு, வியாபாரம் ஈ ஓட்டுதா?”

“வாங்க சகலை. நீங்க வந்துட்டீங்களே, இனிமே ஈக்கு என்ன வேலை?”

சகலை ரகசியமாகக் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாராம். அக்கூஸ்டிக் ஒன்று, எலக்ட்ரிக் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமனார் கூடத்தில் அரங்கேற்றம். இரண்டுக்கும் சேர்த்து வீட்டில் வைத்துப் பழக ஒரே ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, வேண்டும்.

அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒவ்வொரு விருந்திலும் கை கழுவும் முன் சகலை ஓதும் வேதம் அவனுக்கு மனப்பாடம்: ‘கடைக்காரன் புகழ்றதைத் தொடாதே, மறைக்கிறதை விடாதே.’

நேரே போய்ச் சாம்பல் நிறச் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து வைத்தான்.

“கண்ணை மூடிக்கிட்டு இதை எடுங்க சகலை. அக்கூஸ்டிக்குக்குத் தனி வழி, எலக்ட்ரிக்குக்குத் தனி வழி. சத்தத்தைக் குறைச்சு வச்சாலும் தெளிவாப் பேசும். பழகுறதுக்கு அதுதானே வேணும்?”

அத்தனையும் சத்தியம். சொல்லிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, தள்ளுபடிச் சீட்டு ஒட்டிய பெரிய கறுப்புப் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

சகலையின் கண் உடனே அவன் தோளைத் தாண்டியது.

“பின்னாடி என்ன?”

“அது உங்களுக்கு வேணாம். வெறும் எலக்ட்ரிக்குக்குச் செஞ்சது. அக்கூஸ்டிக்கை மாட்டினா தகரமாக் கத்தும்.”

“யாருக்கு எடுத்து வச்சிருக்கே?”

“யாருக்கும் இல்லை. சொன்னாக் கேளுங்க.”

“தள்ளுய்யா.”

கடையிலிருந்த எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிச் சகலை ஒரு இழு இழுத்தார். கறுப்புப் பெட்டி சிங்கமாக உறுமியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அவர் மீசையும்தான்.

“அக்கூஸ்டிக்கையும் ஒரு தடவை மாட்டிப் பாத்துடுங்க.”

“சிங்கத்துக்குப் பல்லு இருக்கான்னு எண்ணிப் பாக்கணுமா? சாம்பல் பெட்டிக்கு உனக்குக் கமிஷன் ஜாஸ்தி. சகலைகிட்டயே சரக்கு தள்ளப் பாக்குறியே.”

“தள்ளுபடிச் சாமானை எங்க முதலாளி திரும்ப எடுக்க மாட்டாரு. இப்பவே சொல்லிட்டேன்.”

“நான் வாங்கினதைத் திருப்பித் தர்ற ஜாதி இல்லை.”

அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டிக் கொடுத்தான். முகத்தைத் தொங்கவிடத்தான் பெரும்பாடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மாமனார் நடு நாற்காலியில். சகலை மெல்லிசையில் தொடங்குவதாக அறிவித்து, அக்கூஸ்டிக்கை மாட்டி, பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். தகரத்தைத் தரையில் இழுத்தது போல முதல் ஸ்வரம் வந்தது. கேட்கவில்லையோ என்று சத்தத்தைக் கூட்டினார். பெட்டி வீலென்று ஊளையிட்டது. கம்பியிலிருந்து கையை எடுத்தபின்னும் நிற்கவில்லை.

அவனுடைய மகள் காதைப் பொத்திக்கொண்டே கேட்டாள். “பெரியப்பா, பெட்டிக்குள்ள பூனை இருக்கா?”

சகலை வேர்த்த முகத்தோடு அவன் பக்கம் குனிந்தார். “ஏதாச்சும் பண்ணுய்யா. மானம் போகுது.”

பண்ணியிருக்கலாம். சத்தத்தைக் குறைத்து, பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒரு குமிழைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் ஒப்பேறியிருக்கும். அவன் நிதானமாக எழுந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டான். நடந்துபோய் ஒயரைப் பிடுங்கினான்.

“யாராச்சும் பூனைக்குப் பால் வைங்கப்பா.”

மாமனார்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடம் தாங்கவில்லை. விருந்து முடிவதற்குள் வாண்டுகள் அத்தனைக்கும் சகலை பூனைப் பெரியப்பா ஆகிவிட்டார். கொசுவை அன்றைக்கு ஒருவரும் அடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் மனைவி அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“தெரிஞ்சேதானே அதை வித்தீங்க?”

“எது நல்லதுன்னு வாயைத் தொறந்து சொன்னேன்டி.”

“அவரு கேக்க மாட்டாருன்னு தெரியும்ல?”

“அதனாலதான் சொன்னேன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரவேற்பில் சிரித்த அதே சிரிப்புதான். இந்தத் தடவை அது அவனுக்கு இனித்தது.