கேம்பல் பேயை அமுக்கிப் பிடித்தவர்

கேம்பல் பே தீவு கடலில் மிதந்துபோய் சுமத்ராவில் ஒதுங்காமல் இருப்பதற்குத் தன்னுடைய நூற்று எழுபத்தொரு கிலோ எடைதான் காரணம் என்று ரோடு கான்ட்ராக்டர் வெள்ளைச்சாமி அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. மகள் அகிலாவின் கல்யாணத்துக்காக 2019இல் அவர் இரண்டு நாள் கப்பல் பயணத் தூரத்தில் இருக்கும் போர்ட் பிளேயருக்குப் பன்னிரண்டு நாள் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், கப்பல் ஜெட்டிக்கு நேர் எதிரே கடலடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த மிதவை முப்பத்திரண்டு அடி தள்ளி நின்றது. மிதவை நகரவில்லை, தீவுதான் நகர்ந்திருந்தது. டேப் வைத்து அளந்தவர்கள், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பது சுமத்ரா, போனால் அங்கேதான் போகும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு போடுவது ஊர்ப் பொறுப்பாயிற்று. பஞ்சாபி சுபேதாரின் மனைவி செம்பு நிறைய லஸ்ஸி கொண்டுவந்து "சாமிஜி, ஔர் ஏக்" என்று இன்னொரு டம்ளர் ஊற்றுவார். கடைக்கார ஜெய்னுதீன் பாய், "அண்ணாச்சி, காலையிலேர்ந்து தரை லேசா ஆடுது, ரெண்டு பரோட்டா வைக்கட்டா?" என்று அக்கறையாக விசாரிப்பார். வெள்ளைச்சாமி பொதுநலத்துக்காகத் தின்றார். விடிகாலையில் கடற்கரை ரோட்டில் வாக்கிங் போகும் பெண்களில் அவர் மனைவி நீலாவதியும் ஒருத்தி. வெள்ளைச்சாமி வாசலில் நாற்காலி போட்டு அவர்களை வழிமறித்து, "தீவு ரவுண்டா இருக்கு, எவ்வளவு நடந்தாலும் வீட்டுக்குத்தானே வரணும்? உக்காந்திருக்கிற நான் ஏற்கெனவே வந்து சேந்துட்டேன்" என்பார். "நாற்காலி பாவம்ங்க" என்று சொல்லிவிட்டு நீலாவதி நடப்பாள்.

பிறகு போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் குடியிருந்த அகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீலாவதி கப்பலேறிப் போய் வந்தாள். கப்பல் ஏணியின் மூன்றாவது படியிலேயே வெள்ளைச்சாமியின் முட்டி மறுத்துவிட்டது. ஹெலிகாப்டரில் போகலாம் என்றால் ஆளையும் பையையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். தராசில் அவர் ஏறி நின்றதும் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டதால், எடை பூஜ்யம் என்று எழுதி ஏற்றிக்கொண்டார்கள். விசிறி சுழன்றது. அவரோடு சேர்ந்து தீவு முழுவதும் அரை அடி எழும்பி, மெதுவாக உட்கார்ந்தது. கோழிகள் மட்டும் கவனித்தன. மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டார்கள். ரத்தச் சர்க்கரை பார்த்த டாக்டர் தஸ்லிமா, "அங்கிள், இப்படியே இருந்தா பேத்திய போன்லயே பாத்துட்டுப் போயிருவீங்க" என்றாள்.

குழந்தை குப்புற விழுந்ததை அவர் போனில் பார்த்தார், தவழ்ந்ததையும் போனில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கையை நீட்டி அவர் முகத்தைத் தொட்டது. தொட்ட இடம் சிவப்புப் பட்டன், இணைப்பு அறுந்தது. அவர் வெகுநேரம் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார்.

தஸ்லிமா சொன்னதில் மந்திரம் ஒன்றுமில்லை: சோற்றில் ஒரு கரண்டி குறை, தட்டில் பாதி காய், இருட்டிய பின் வாயை மூடு, ஒழுங்காகத் தூங்கு, முதலில் கேட் வரைக்கும் நட. கேட் வரைக்கும் போய்வர முதல் வாரம் அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. மூன்று வாரம் அரைக் கிலோகூடக் குறையவில்லை. நான்காவது வாரம் இரண்டு கிலோ போனது, மிதவை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. ஊர் பதறியது. ஜெய்னுதீன் பாய் நெய் சொட்டும் பொட்டலத்தோடு வந்து, "அண்ணாச்சி, நமக்கெல்லாம் பாஸ்போர்ட் கிடையாது, யோசிங்க" என்று கெஞ்சினார். வெள்ளைச்சாமி பொட்டலத்தைப் பார்த்தார், முகர்ந்தார், கேட் வரைக்கும் கூடவே வந்து அவரை வழியனுப்பினார்.

அந்த மாதம் போர்ட் பிளேயர் கப்பல் நான்கு மணி நேரம் முன்னதாக வந்தது. புது இன்ஜின் போல என்றார்கள். பத்தொன்பது கிலோ குறைந்தபோது இரண்டு நாள் பயணம் ஒன்றரை நாளானது. மாலுமி ஒருவர் வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான், தீவு சுமத்ரா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வடக்கே போர்ட் பிளேயரை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. கப்பல் நேர அட்டவணையைத் திருத்தி ஒட்டினார்கள். தக்காளி அழுகாமல் வந்து இறங்கியது, விலை கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கியது. ஜெய்னுதீன் பாய் பரோட்டாவை அவர் கண்ணில் படாத பக்கம் நகர்த்திவிட்டு, "கேஸ் சிலிண்டர் லேட்டாவுது அண்ணாச்சி, இன்னும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்றார். தீவு தன் இஷ்டத்துக்குப் போவதாகவும், தான் ரோட்டில் குழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் போய்வருவதாகவும் வெள்ளைச்சாமி சொல்லிக்கொண்டார். அந்த ரோட்டில் குழி ஒன்றும் இல்லை.

நூற்று முப்பத்தெட்டு கிலோவில் இருந்த ஒரு விடிகாலையில் அகிலா போன் செய்தாள். "அப்பா, மொட்டை மாடியிலேர்ந்து பாத்தா தெற்கே கடல்ல ஒரு தீவு தெரியுது. நேத்து இல்ல. பாப்பா அதையே பாத்துக் கைய ஆட்டுறா."

"மேகமா இருக்கும்மா" என்றார் வெள்ளைச்சாமி. போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, குனிந்து, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் ஷூ நாடாவைத் தானே கட்டினார். நீலாவதியும் மற்றவர்களும் ரோட்டுத் திருப்பத்தைத் தாண்டும் வரை காத்திருந்து, ஐம்பது அடி பின்னால் நடக்கத் தொடங்கினார்.