கிஹோவின் பிடியரிசிப் பை

எங்கள் சபையில் பிடியரிசி எடுக்காத வீடு கிடையாது. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் துணிப்பையில் போட்டு வைப்பார்கள். ஞாயிறன்று அந்தப் பையைக் கோயில் வாசலில் வீட்டுக்கு ஒன்றாக அடித்திருக்கும் ஆணியில் மாட்டுவார்கள். போதகர் வீட்டுச் சாப்பாடு அதுதான். அவரவர் கொடுத்த பழந்துணியில் அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தவள் நான். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, எல்லாப் பைகளும் சப்பென்று தொங்கின. எல்லாம் போதகரான என் வீட்டுக்காரர் வாயைத் திறந்ததால் வந்த வினை.

மேங் மூப்பரின் மகன் கிஹோ கணவாய் மீன் பிடிக்கப் போன படகோடு போய்விட்டான். உடல் கரைக்கு வரவில்லை. "ஆண்டவர்கிட்ட போயிட்டான், இந்த வீட்ல யாரும் அழக்கூடாது" என்று சொல்லிவிட்டார் மூப்பர். அதே வாரம் அவன் துணிமணி எல்லாவற்றையும் கொளுத்தினார். கிஹோ அம்மா அழாமல் நின்று பார்த்தாள். எப்படித்தான் முடிந்ததோ!

எங்கள் ஊரில் புன்னே என்று ஒரு சாமியாடி இருந்தாள். கடலில் போனவன் கரை சேராவிட்டால், கிண்ணத்தில் அரிசி போட்டு, அவன் உடுத்திய துணியால் கட்டி, கயிற்றில் கடலுக்குள் இறக்கிப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கிண்ணத்தோடு அவன் உயிரும் மேலே வரும் என்பது நம்பிக்கை. வைக்கோல் கூரையைப் பிரித்து ஷீட் போடு, மூடநம்பிக்கையை ஒழி என்று அரசாங்கம் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்த காலம். பெற்றவர்களை ஏமாற்றுகிறாள் என்று புன்னேமேல் புகார் கொடுத்தவரே மேங் மூப்பர்தான். ஒரு விடிகாலை, படகுத்துறையில் ஈரக் கிண்ணத்தோடு அவளைப் பிடித்தார்கள். கூட இருந்த பெண் பாறைகளுக்குள் ஓடி மறைந்துவிட்டாள். அது யார் என்று போலீஸ் எவ்வளவு கேட்டும் புன்னே வாய் திறக்கவில்லை.

விடிகாலை ஜெபம் முடிந்தால் கடலோரம் நடப்பது என் வீட்டுக்காரர் வழக்கம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

"அந்தம்மா யாரையும் ஏமாத்தல. நான் அங்க நின்னேன். அழ வந்தவங்களோட சேர்ந்து அழுதாங்க, அவ்வளவுதான். எங்க சபையில அதை நாங்க செய்யல."

"அழ வந்தது யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

புன்னேயை விட்டுவிட்டார்கள். எங்களைத்தான் ஊர் விடவில்லை. "பேய்க்கு வக்காலத்து வாங்கின வாய் இங்க பிரசங்கம் பண்ணலாமா?" என்றார் மூப்பர். அடுத்த ஞாயிறு சபை கூடி முடிவெடுக்கும் என்றார்கள்.

கிணற்றடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறப்போட்டு கிம்ச்சி செய்யும் பருவம் அது. வருஷா வருஷம் என் முற்றம் நிறையப் பெண்கள் உட்கார்ந்து, மிளகாய்க் கையோடு ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள். அந்த வருஷம் அத்தனை கோஸுக்கும் நான் ஒருத்திதான் உப்புப் போட்டேன். வாய்விட்டு அழுதேன்.

"யாருக்காக இந்தப் பாடு? எங்கிட்டயாவது சொல்லுங்களேன்" என்று அவரிடம் சண்டை போட்டேன்.

"என் கண்ணு பார்த்துடுச்சு. அதுக்காகச் சொல்லிட முடியுமா?" என்றார். ஒரே கூரைக்குள் எனக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று.

மறுநாள் கொல்லைப்பக்கம் புன்னே வந்து நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க என்ன வேலை உனக்கு? பட்டது போதாதா?"

"நானா உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்? எனக்கு வக்கீல் வேணும்னு கேட்டேனா?" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். "கிண்ணத்துல கட்டியிருந்தது. போலீஸ் வந்ததும் ஒளிச்சிட்டேன். உங்க சபைப் பொருளாம், உங்ககிட்டயே இருக்கட்டும். அவ வீட்டுக்கு நான் போக முடியாது."

வாங்கிப் பார்த்தேன். கட்டம் போட்ட பிடியரிசிப் பை, என் தையல். கிஹோ சின்ன வயதில் போட்ட சட்டையைக் கொடுத்து, "இதுல ஒரு பை தைச்சுக் குடுங்க பாஸ்டரம்மா" என்று அவன் அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது.

"வேற துணியே மிச்சம் வைக்கலையாம் அந்த ஆளு" என்று சொல்லிவிட்டுப் புன்னே போய்விட்டாள்.

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூப்பர் மூஞ்சியில் அதை வீசினால் போதும்! என் வீட்டுக்காரர் பிழைப்பார், வீடு பிழைக்கும், என் முற்றம் மறுபடி நிறையும்.

ஞாயிறன்று பையை மேல்சட்டைக்குள் சொருகிக்கொண்டு போனேன். கிஹோ அம்மா எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அங்க நின்ன பொம்பள யாருன்னு போதகர் சொல்லட்டும். மன்னிச்சிடறோம்" என்றார் மூப்பர்.

என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு தனி ஆளை நான் பார்த்ததில்லை. என் கை சட்டைக்குள் போயிற்று. அப்போது கிஹோ அம்மாவின் பின்கழுத்து கண்ணில் பட்டது. நடுங்கிக்கொண்டிருந்தது. மகனுக்காக அழ அவளுக்கு இந்த ஊரில் ஒரு பாறை இடுக்குதான் கிடைத்திருக்கிறது. என்மேலேயே ஆத்திரமாக வந்தது. வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

"போதகர் போகணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். கிஹோ அம்மாவும் தூக்கினாள். அடிப்பாவி!

கூட்டம் கலைந்ததும், வெற்றுப் பைகளுக்கு நடுவே அந்தப் பையை அவள் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அவள் அதைப் பார்த்தாளா, தெரியாது.

நாங்கள் ஊரை விட்டுப் போகும் நாளன்று காலை கோயில் வாசலுக்குப் போனேன். மற்ற பைகள் அப்படியே தொங்கின. கட்டம் போட்ட பை மட்டும் பிதுங்க பிதுங்க நிறைந்திருந்தது. உப்புக்கறை போகத் துவைத்திருந்தாள்.

பையை எடுத்து வந்து அந்த அரிசியில் சோறு வடித்தேன். அடுப்போரம் கிடந்த பையை என் வீட்டுக்காரர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு வீட்டு அரிசி?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு வீடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

வண்டி ஏறும் முன் பையை மடித்து எடுத்துப் போய், அதே ஆணியில் மாட்டினேன். கிஹோ அம்மாவிடம் மகனின் துணி வேறு கிடையாது.