பதினோரு மூக்கும் ஒரு பந்தும்

எடில்பெர்த்தோ எட்டு மாதமாக மூக்கு வரைந்துகொண்டிருந்தான். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் மலைச்சரிவில் இருக்கும் தன் பேட்டையின் கால்பந்து அணியை அப்படியே கம்ப்யூட்டர் விளையாட்டாக்கிவிட வேண்டும் என்பது அவன் வெறி. பதினோரு பேருக்கும் பதினோரு மூக்கு. மைதானத்துப் புழுதி, கோல்கீப்பரின் தொப்பை, கழுத்தில் வழியும் வியர்வை என்று ஒன்று விடவில்லை. பந்தை எப்படி உருட்டுவது என்பதற்கு மட்டும் கடைசி ஒரு வாரம் ஒதுக்கினான். மகா புத்திசாலி.

பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவள் அவனுடைய சித்தப்பா மகள் நெலிதா. ஒரு மாதம்தான் இளையவள், மரியாதை மட்டும் சுத்தமாகக் கிடையாது. அவளுடைய ஆறு கம்ப்யூட்டரிலும் ஒரு பழைய கால்பந்து விளையாட்டு ஓடும். அதில் ஆட்டக்காரர்கள் சோப்புக்கட்டிக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பார்கள்; ஆளுக்கொரு கட்டியை ஓட்டிச் சேர்ந்து ஆடலாம்.

"ஞாயித்துக்கிழமை பசங்க வருவாங்க, உன்னுதைப் போடறேன். அரை மணி நேரம் எழுந்திரிக்காம ஆடினாங்கன்னா ஆறுலயும் ஏத்திடறேன். இல்லேன்னா பழசுதான்," என்றாள்.

"என் கிராபிக்ஸைப் பார்த்தப்புறம் அந்த சோப்புக்கட்டியை எவன் தொடுவான்?"

"மூஞ்சியை வச்சு கோல் போட முடியுமாடா?"

அவனுக்குச் சுருக்கென்றது. தன் கையால் செய்த ஒன்றை இந்தச் சரிவில் நாலு பேர் ஆட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

ஞாயிறு மதியம், மாட்ச் முடித்து, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் செவிச்சே சாப்பிட்ட கையோடு மொத்த அணியும் வந்து இறங்கியது. திரை எரிந்ததும் ஒரே கூச்சல்.

"யப்பா, நம்ம கிரவுண்டுடா!"

"நம்ம கோலி பூசணியோட தொப்பையைப் பாரு, குலுங்குது!"

எடில்பெர்த்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் சட்டைகளின் முதுகில் பெயர்கள் வந்தன. மரியாதையாக இருக்கட்டுமே என்று கால்பந்து சங்கப் பதிவேட்டைப் பார்த்து ஞானஸ்நானப் பெயர்களைப் போட்டிருந்தான். அந்தப் பேட்டையில் பட்டப்பெயரைத் தவிர மற்றது பெற்ற தாய்க்கே மறந்துபோயிருக்கும்.

"யாருடா இந்த எர்மெனெஹில்தோ?"

"நான்தான்," என்றான் வாத்து, வெட்கத்தோடு.

சிரித்தே ஐந்து நிமிடம் போனது. பிறகு ஆடத் தொடங்கினார்கள். பட்டனை அமுக்கினால், திரையில் இருந்த வாத்து முதலில் தலையைக் கோதினான், வியர்வையைத் துடைத்தான், அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவன்போல் காலைத் தூக்கினான். அதற்குள் எதிராளி பந்தைக் கொண்டுபோயிருந்தான்.

"டேய் எடில், தொப்பை குலுங்கி முடிஞ்சப்புறந்தான் எனக்குக் கையே நீளுது," என்றான் கோல்கீப்பர் பூசணி. "நிஜத்துலகூட நான் இவ்வளவு மோசமில்லடா."

பதினோராவது நிமிடம் வாத்து எழுந்தான். "நல்லாத்தான் இருக்கு மச்சான். சுவத்துல மாட்டிக்கலாம்." சொல்லிவிட்டுப் பக்கத்து கம்ப்யூட்டரில் பழைய ஆட்டத்தைப் போட்டான். ஒவ்வொருவராக மற்ற கம்ப்யூட்டர்களுக்கு நகர்ந்தார்கள்.

எடில்பெர்த்தோ மனசுக்குள் திட்டித் தீர்த்தான். எட்டு மாதம்! நன்றிகெட்ட பயல்கள்.

"வாத்து, பாஸ் குடுறா!" "பூசணி, பின்னாடி பாரு!" அந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவன் எட்டிப் பார்த்தான். எல்லாம் கண்ணில்லாத, மூக்கில்லாத கட்டிகள். ஆனால் காலை அகட்டி ஓடுகிற கட்டி சாட்சாத் வாத்து. பந்து வந்ததும் பதறுகிற கட்டி பூசணியேதான். எப்படி என்று அவனுக்குப் பிடிபடவில்லை, எரிச்சலாக வந்தது.

"ஒரு ஆள் குறையுது, உக்காருடா," என்று வாத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தான். பட்டனைத் தொட்டதும் பந்து பறந்தது. அடுத்த தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

நெலிதா பின்னால் வந்து நின்றாள். "என்னடா, அரை மணி ஆச்சு. உன்னுதை எடுத்துடட்டுமா?"

அவன் பட்டனைப் படபடவென்று அமுக்கிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துத் தொலை! கார்னர் கிக்குடி, மறைக்காதே!"