வாசம் குறைஞ்சா திரும்புங்க

ஜூலியட்டைப் பெண் பார்க்க வந்தவர்கள் இதுவரை இரண்டு தடவை காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். இரண்டு தடவையும் காரணம் ஒரே சொல்தான். பெண்ணுக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். கடல் முள்ளெலியின் விந்தணு முட்டையை எப்படித் தேடிப் போகிறது என்று பார்ப்பதாக அவளும் ஒளிக்காமல் சொன்னாள்.

ஆகவே மூன்றாவது தடவை அம்மா ஆரோக்கியம் முந்திக்கொண்டாள். "மீனுக்கு மருந்து குடுக்குற வேலைன்னு சொல்லியிருக்கேன். நீ வாயைத் தொறந்தே, நடக்குறதே வேற."

இந்த மாப்பிள்ளை ரெஜினை ஜூலியட்டுக்குப் பிடித்திருந்தது. போனில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிட்டு, மீதியைச் சொல்ல மறந்துபோகிறவன். அவனிடமா பொய்?

வரவேண்டிய வேனைக் காணோம். ரெஜினின் போன்தான் வந்தது.

"ஏங்க, மறுபடியும் அதே மதகுகிட்டதான் வந்து நிக்கிறோம். மேப்பு எங்களை வாய்க்காலுக்குள்ள எறங்கச் சொல்லுது. வயல்ல ஒருத்தரைக் கேட்டா 'அந்தா தெரியுதே'ங்கிறாரு. எனக்கு மூங்கில் கொத்துதான் தெரியுது."

அந்த நேரம் பார்த்துக் கொல்லை அடுப்பில் சுர்ரென்று ஒரு சத்தம். பசி தாங்காத அப்பா குழந்தைராஜ் நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் போட்டுவிட்டார்.

"அடப்பாவி மனுசா! சம்பந்தி வர்ற நேரத்துல கருவாடா? ஊரே நாறுது!"

"வந்தாத்தானேடி சம்பந்தி?"

ஜூலியட் முகத்தை உயர்த்தினாள். வாடைக்காற்று நேரே மதகுப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"ரெஜின், கருவாட்டு வாசம் வருதா?"

"வருதே! வயித்தைக் கிள்ளுது."

"அப்ப எறங்கி வரப்புல நடங்க. வாசம் கூடுனா நேரா வாங்க. குறைஞ்சா சட்டுனு திரும்புங்க. அவ்வளவுதான்."

"இந்த வித்தையை எங்கங்க கத்துக்கிட்டீங்க? மீன் ஆஸ்பத்திரியிலயா?"

கையில் கரண்டியோடு நின்ற ஆரோக்கியம் தலையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

"இல்லீங்க. கடல் முள்ளெலியோட விந்தணுகிட்ட," என்றாள் ஜூலியட். "முட்டை தண்ணியில ஒரு பொருளைக் கசியவிடும். விந்தணுவுக்குக் கண்ணும் இல்ல, மேப்பும் இல்ல. வட்டம் வட்டமா நீந்தும். அந்தப் பொருள் கூடக்கூட நேராப் போகும், குறைஞ்சா வாலை வளைச்சுத் திரும்பும். அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன். மீனுக்கு மருந்தெல்லாம் குடுக்கலை."

மறுமுனையில் ஒரு பெண்குரல்: "டேய், ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?"

அத்தோடு போன் செத்தது.

ஆரோக்கியம் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "போச்சு. இதுவும் போச்சு."

குழந்தைராஜ் மட்டும் அடுத்த ஈடு கருவாட்டை அள்ளிப் போட்டு, முறத்தை எடுத்து மதகுப் பக்கமாக விசிறத் தொடங்கினார். "வாசம் குறையக் கூடாதும்மா!"

ஜூலியட் வாசல் கேட்டுக்கு ஓடினாள். பச்சைச் சம்பா வயலில் கொக்குகள்தான் நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தாள். மூங்கில் கொத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வெளிப்பட்டது. கிழக்கே போனது. நின்றது. மூக்கைத் தூக்கியது. சட்டென்று திரும்பி அடுத்த வரப்பில் ஏறியது. மைக்ராஸ்கோப்பில் தினமும் பார்க்கிற அதே வளைவு, அதே திருப்பம்! ஒரு திருப்பத்தில் முழங்கால்வரை சேற்றுக்குள் போய் எழுந்தது. ஜூலியட் இருந்த இடத்திலேயே குதித்தாள்.

ரெஜின் உள்ளே வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. "இதுக்கு மேல வாசம் கூடாதுன்னு நினைக்கிறேன்," என்று மூச்சு வாங்கினான்.

சந்தோஷத்தில் கை என்ன செய்கிறது என்றே தெரியாமல் அவள் கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டாள்.

வெளியே பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் அம்மா வந்து நின்றார். "என்னம்மா சாத்திட்டே? நாங்களும் மோப்பம் பிடிச்சுத்தானே வந்தோம்?"

"மன்னிச்சுக்குங்க அத்தை," என்று பதறினாள் ஜூலியட். "ஒண்ணு உள்ள வந்ததும் முட்டை அப்படித்தான் சாத்திக்கும்."

ஆரோக்கியம் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப அவனை நீயே வெச்சுக்க. எங்களுக்குக் கருவாட்டை மட்டும் கேட்டுக்கு மேல குடு."