பொன்னையனின் பாஷைக்குச் சரோஜம் சொன்ன அர்த்தம்

குளத்தூரில் பொன்னையனுக்கு ஜெபத்தில் ஆவி இறங்கி அந்நிய பாஷை வரும் ஞாயிறுகளில், ஜெபக்கூடத்தின் ஐந்து ஃபேன்களும் கரண்ட் இல்லாமலே சுற்றின. மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தவர், மீட்டர் ஓடவில்லை, ஆகவே குற்றமுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தமிழும் மலையாளமும் எல்லோருக்கும் தெரிந்த எல்லையோர ஊரில், ஒருவருக்கும் புரியாத மூன்றாவது பாஷை கைவசம் இருப்பது லேசுப்பட்ட காரியமா? ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான பொன்னையனுக்கு அதன்பிறகு கல்யாண வீடுகளில் முதல் பந்திதான். தேவதூதர்களின் பாஷை என்றார் பாஸ்டர் யோசுவா. ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று.

பத்தாவது வருடம், நூறு நாள் வேலைக்குப் போகும் சரோஜத்துக்கு அது புரியத் தொடங்கியது. ஜெபத்தின் நடுவே எழுந்து, "பாஸ்டரே, நம்ம ஸ்ரீகுமாரிக்க கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லியாம். ஒரு மாசமா கயிறு கெட்டிப் பிடிச்சிட்டு இருக்காளாம். அதாக்கும் இவரு சொல்லுதது" என்றாள். சபை சிரித்தது. கடைசி வரிசையில் ஸ்ரீகுமாரி அழுதாள்; சரோஜம் சொன்னது உண்மை. மறுவாரப் பாஷையில் அதியன்னூரில் ஒரு வீட்டுக் கூரை ஒழுகியது. அதற்கடுத்த வாரம் காஞ்சிரங்குளத்தில் ஒரு முட்டுவலிக்காரருக்கு ரேஷன் வாங்க ஆளில்லை. வரம் என்பது வாங்கினவனுக்கல்ல, மற்றவர்களுக்குத்தான் என்று யோசுவா பிரசங்கித்து, ஆளனுப்பி எல்லாவற்றையும் சரிசெய்தார்.

பொன்னையனுக்கு மானம் போயிற்று. பரலோகம் என்று நினைத்தது கக்கூஸ் கொண்டியாய்ப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? சரோஜத்தை வழியில் மறித்து, "மக்கா, சிங்காசனம், மகிமைன்னு ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லப்பிடாதா?" என்றார்.

"இல்லாதத எப்பிடி அண்ணே சொல்லுவேன்?"

சபையின் வருடாந்தரக் கன்வென்ஷன் கூட்டங்கள் முடிந்த ஞாயிறு பாஷை வந்தபோது, பொன்னையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அது காது வழியாக வந்தது. சரோஜம் முதல்முறையாகத் தயங்கினாள். பாஸ்டர் விடவில்லை.

"அண்ணனுக்க மகன் வினீத் ஷார்ஜாவுல இருந்து போன் விளிச்சு எட்டு மாசம் ஆச்சாம். சாயங்காலம் முற்றத்துல நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதது, ஆஃப் பண்ணின போன்லயாக்கும். ராத்திரி ரஸ்க்கும் பாலில்லாத கட்டன்சாயாவும் மட்டும் உண்டு."

அந்தப் பேச்சைத் தினமும் மதிலுக்கு மேலாகக் கேட்டு, பெற்றால் இப்படியொரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று பெருமூச்சு விட்டவர்கள் அங்கே இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பொன்னையன் செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்து, உள்ளே தாழிட்டுக்கொண்டார். செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

மத்தியானம் ஸ்ரீகுமாரி மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தாள். கதவு திறக்கவில்லை; அவள் படியில் உட்கார்ந்தாள். பிறகு சரோஜம் வந்தாள், பாஸ்டர் வந்தார். மூன்று மணிக்குப் பதினான்கு பேர் இருந்தார்கள், ஒருவரும் கதவைத் தட்டவில்லை. கடைசியில் பசி தாங்காமல் பாஸ்டரே சட்டியைத் திறந்தார். மீன் வாசனை உள்ளே போனது. பொன்னையன் கதவைத் திறந்து, "எனக்கும் இச்சிரி வைங்க" என்றார். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வினீத் இன்னும் கூப்பிடவில்லை. பாஷை வாராவாரம் வருகிறது; ஜெபத்துக்கு முன்பே யோசுவா ஒரு பிளம்பரையும் வரச்சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்.