இடது காலில் மட்டும் மெழுகு

பனிச்சறுக்கு ஓட்டத்தின் தேசிய சாம்பியன்ஷிப் அன்று காலை ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. வெப்பநிலை பூஜ்யம். மெழுகு போடுகிற எங்களுக்கு இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. ஸ்கீயின் அடியில் பிடிப்பு மெழுகு தடவினால் மேட்டில் கால் வழுக்காது, ஆனால் இறக்கத்தில் ஸ்கீ ஓடாது. தடவாவிட்டால் இறக்கத்தில் பறக்கலாம். மேடு ஏற முடியாது.

நான் ராக்னிக்கு மெழுகு போடுபவள். உலகப் பட்டங்கள் வாங்கிவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, நாற்பத்தொரு வயதில் திரும்பி வந்திருந்தாள். இன்று முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் உலகப் போட்டிக்குப் போவாள். இல்லையென்றால் இதுதான் கடைசிப் பந்தயம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"பசங்களுக்கு ரொட்டி கட்டிக் குடுத்துட்டு வந்தியா, ராக்னி?" என்றாள் எல்ட்ரிட். அணியிலேயே இளையவள்.

"குடுத்தாச்சு. உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன், பழுப்புச் சீஸ் போட்டது. தோத்துட்டு வந்து சாப்பிடு."

எல்ட்ரிட் சிரித்துக்கொண்டே போனாள்.

ராக்னி இடது காலில் மெழுகு தடவிய ஸ்கீயும் வலது காலில் தடவாத ஸ்கீயும் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள்.

"மெழுகே போடு. அந்தப் பெரிய மேட்டுல வழுக்கினா செத்தேன்" என்றாள்.

நான் பந்தயத்துக்கான ஸ்கீ ஜோடியைக் கவிழ்த்து வைத்து மெழுகைத் தேய்க்கத் தொடங்கினேன். அவள் அவசரப்படவில்லை. இத்தனை வருடமும் கடைசி வரிசையில் புறப்பட்டே பழகியவள். அரை நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படும் இந்தப் பந்தயத்தில் பெரிய வீராங்கனைகள் கடைசியில்தான் புறப்படுவார்கள். ஆனால் ஓய்வில் இருந்தவளுக்குப் புள்ளிகள் இல்லை. அவளுக்குக் கொடுத்தது தொடக்கத்திலேயே புறப்படும் எண். அது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது.

"என்னையா? இப்பவா?"

அவள் ஓடினாள். நான் நிமிர்ந்தபோது அவள் புறப்படும் கோட்டைத் தாண்டிவிட்டாள். பந்தய ஜோடி இன்னும் என் கையில் இருந்தது.

"என்ன மாட்டிட்டுப் போறா?" பயிற்சியாளர் ஸ்வைனுங் கத்தினார்.

"ஒண்ணுல மெழுகு. ஒண்ணுல இல்ல."

அவர் தொப்பியைப் பனியில் எறிந்தார். ஸ்கீ உடைந்தாலொழிய நடுவில் மாற்ற விதி இல்லை.

நான் பெரிய மேட்டுக்கு ஓடினேன். மரங்களுக்கு நடுவிலிருந்து ராக்னி வந்தாள். வலது கால் வழுக்கியது. ஒருமுறை முழங்கால் பனியில் இடித்தது. எழுந்தாள். பிறகு வலது காலை நம்புவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு உந்தலும் இடது காலிலிருந்து மட்டும் வந்தது. கைக்கோல்களை ஊன்றிய கைகள் மீதியைச் செய்தன. அப்படி யாரும் ஏறி நான் பார்த்ததில்லை.

உச்சியில் அவள் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. உடல் பாரம் முழுவதையும் வலது காலுக்கு மாற்றினாள். மெழுகு தடவிய இடது ஸ்கீயைப் பனியிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டாள். ஒற்றைக் காலில், குனிந்து, அந்த நீண்ட இறக்கத்தை இறங்கினாள். திருப்பத்தில்கூட இடது காலை ஊன்றவில்லை.

"கடவுளே" என்றார் பக்கத்தில் நின்ற வேறு அணிக்காரர். மெதுவாகத்தான் சொன்னார்.

நான் முடிவுக் கோட்டுக்கு ஓடி வந்தபோது நேரப் பலகையின் உச்சியில் அவள் பெயர் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர் இரண்டாவதுக்கு இறங்கியது, மூன்றாவதுக்கு, நான்காவதுக்கு. ராக்னி பனியில் மல்லாந்து கிடந்தாள். பலகையைப் பார்க்கவில்லை.

"சொல்லாத. முடிஞ்சப்புறம் சொல்லு" என்றாள் என்னிடம்.

எல்ட்ரிட்தான் கடைசியாக வந்தாள். கோட்டைத் தாண்டி விழுந்தாள், தலை தூக்கிப் பலகையைப் பார்த்தாள். ஐந்தாவது.

"நாலாவது. நீ போற" என்றேன் ராக்னியிடம்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

எல்ட்ரிட் அழுதுகொண்டே எழுந்து வந்தாள். ஏதோ திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ராக்னியின் ஸ்கீகளின் அடிப்பாகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இடதின் மெழுகில் பைன் ஊசியிலைகள் ஒட்டியிருந்தன. வலது கண்ணாடிபோல் இருந்தது.

"இதுலயா ஏறின?"

"வேற வழி?"

"எறங்கினது?"

ராக்னி வலது தொடையைக் காட்டினாள். அது தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. எழ முயன்றாள், முடியவில்லை.

எல்ட்ரிட் மூக்கைக் கையுறையால் துடைத்தாள். கைக்கோலின் நுனியால் ராக்னியின் ஸ்கீப் பூட்டை அழுத்தினாள், முதலில் வலது, பிறகு இடது. இரண்டையும் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"பைத்தியக்காரி" என்றாள். "எப்படிப் பண்ணினன்னு சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."